கிரேக்க தெய்வங்களை வீட்டில் வழிபட எங்கிருந்து தொடங்கலாம்

ஜீயஸையும் அதீனாவையும் இன்றைக்கும் நிஜமாகவே கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்களா என்றால், இருக்கிறார்கள். கிரேக்கத்தில் 1997-இல் தொடங்கிய ஒய்.எஸ்.இ.இ. என்ற அமைப்பு இதற்காகவே இயங்குகிறது. 2017-இல் அந்நாட்டு அரசு இந்த வழிபாட்டை ‘அறியப்பட்ட மதம்’ என்று அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. வேறு நாடுகளில் பெரும்பாலும் தனி ஆட்கள், சில இடங்களில் சின்னச் சின்னக் குழுக்கள். ரோமப் பேரரசர் தியடோசியஸ் 391, 392-இல் போட்ட ஆணைகளால் கோயில் வழிபாடும் பலியும் சட்டவிரோதமாயின. அதற்குப் பிறகு அறாமல் வந்த குருபரம்பரை எதுவும் கிடையாது. இன்று செய்வதெல்லாம் கல்வெட்டு, துதிப்பாடல், நாடகம், பானை ஓவியம் ஆகியவற்றில் மிஞ்சியதை வைத்து மீண்டும் கட்டியெழுப்பியதுதான். ‘எங்கள் வீட்டில் ரகசியமாக இரண்டாயிரம் வருடமாகச் செய்கிறோம், கட்டணம் கட்டினால் சொல்லித் தருகிறோம்’ என்று யாராவது வந்தால் பணப்பையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருகிறவர்களில் பலர் முதலில் செய்வது ஒரு சிலை வாங்குவது, இரண்டாவது ‘எனக்கு எந்தத் தெய்வம்’ என்று தேடுவது. இரண்டையும் தள்ளிப்போடலாம் என்பேன். சிலையும் வேண்டாம், பிடித்த தெய்வமும் வேண்டாம், அடுப்பும் நிலாவும் போதும். ஏனென்றால் ஒரு சாதாரண ஏதென்ஸ்காரரின் சமயம் முக்கால்வாசி அவர் வீட்டுக்குள்ளும் மாதத்தின் நாட்களுக்குள்ளும்தான் இருந்தது. பெரிய கோயில்களும் ஊர்வலங்களும் அதற்கு மேலே வந்தவை. இதற்கு வேதநூல் கிடையாது, ‘இதை நம்புகிறேன்’ என்று சொல்லும் உறுதிமொழியும் கிடையாது. என்ன செய்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. தெய்வத்துக்குக் கொடுக்கிறீர்கள், தெய்வம் மகிழ்ந்து திரும்பக் கொடுக்கிறது, நன்றியாக மறுபடியும் கொடுக்கிறீர்கள். காரிஸ் என்று அவர்கள் சொன்ன இந்தப் போக்குவரத்து நாள்பட நாள்பட உறவாகிறது. அதனால் வருடத்துக்கு ஒருமுறை ஆடம்பரமாகச் செய்வதைவிட தினமும் ஒரு வாய் தண்ணீர் ஊற்றுவது மேல்.

தினமும் செய்வது

பழங்காலக் கிரேக்கக் கவிஞர் ஹெசியட் ‘வேலைகளும் நாட்களும்’ நூலில் சொன்ன யோசனை இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது: உன் சக்திக்கு ஏற்ப செய், படுக்கப்போகும்போதும் காலை வெளிச்சம் வரும்போதும் பானம் ஊற்றித் தூபம் காட்டு. அதே நூலில் கை கழுவாமல் விடியலில் ஜீயஸுக்கு மது ஊற்றாதே என்றும் இருக்கிறது. ஹோமரின் இலியட் காவியத்தில் டிராய் வீரன் ஹெக்டர் போர்க்களத்திலிருந்து ரத்தமும் புழுதியுமாக வரும்போது அவன் தாய் மதுவை நீட்டுகிறாள்; இந்தக் கையோடு எப்படி ஜீயஸுக்கு ஊற்றுவது என்று அவன் மறுத்துவிடுகிறான். ஆகவே முதல் வேலை கை கழுவுவது.

அதற்கான நீரைக் கெர்னிப்ஸ் என்பார்கள். பழைய முறைப்படி, பலிபீடத்தில் எரிந்துகொண்டிருக்கும் ஒரு கொள்ளியை எடுத்து நீரில் முக்கி அணைத்தால் அந்த நீர் தூய்மை ஆகிவிடும். இப்போது ஒரு தீக்குச்சியையோ காய்ந்த லாரல் இலையையோ கொளுத்தி ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டு அணைக்கிறார்கள், சிலர் கொஞ்சம் உப்பும் சேர்ப்பார்கள். அதில் கையையும் முகத்தையும் நனைத்துக்கொண்டு, இடத்தைச் சுற்றி இரண்டு துளி தெளித்தால் ஆயிற்று. அவசரமான காலை நேரத்தில் குழாயில் ஒழுங்காகக் கை கழுவிவிட்டு வந்தாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், குறைந்தபட்சம் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அப்புறம் ஹெஸ்டியா. அடுப்பின் தெய்வம் அவள்தான். அவளைப் பற்றிய கதை என்று பார்த்தால் மிகக் குறைவு, ஆனால் விருந்தில் முதல் பானமும் கடைசிப் பானமும் அவளுக்கே என்று ஹோமரின் பெயரால் வழங்கும் துதிகளில் ஒன்று சொல்கிறது. எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டாலும் அவளில் தொடங்கி அவளில் முடியுங்கள். வீட்டு நடுவில் கணப்பு இல்லையே என்றால், நீங்கள் சமைக்கும் அடுப்புதான் அவள் இடம். அடுப்பை மூட்டும்போது ஒரு வார்த்தை அவளுக்குச் சொல்லலாம், அல்லது ஒரு மெழுகுவத்தியை அவளுக்கென்று ஒதுக்கலாம். தீயே கூடாது என்கிற விடுதி அறையா? பேட்டரி விளக்கு போதும். புகை எச்சரிக்கை மணி இருக்கும் வீட்டில் குந்திரிக்கத்தைக் கரித்துண்டில் போட்டு அடர்த்தியாகப் புகைப்பதை விட்டுவிடுங்கள். ஜன்னலைத் திறந்து ஒரே ஒரு ஊதுவத்தி ஏற்றினால் போதும். தூங்கும் முன் அணைத்துவிடுங்கள், வீட்டைக் கொளுத்துவது எந்தத் தெய்வத்துக்கும் படையல் ஆகாது.

ஊற்றுவதற்கு ஒரு கிண்ணம், ஊற்றியதைப் பிடிக்க இன்னொரு கிண்ணம். மதுவைத் தண்ணீர் கலந்து ஊற்றுவதுதான் வழக்கம், கலக்காமல் குடிப்பதை அவர்கள் நாகரிகமில்லாத செயலாகப் பார்த்தார்கள். மது தொடாதவர்கள் தயங்கவே வேண்டாம்: மதுவே இல்லாத படையலும் பழைய மரபுதான், பழிவாங்கும் தெய்வங்களான யூமெனிடிஸுக்குத் தேனும் தண்ணீரும்தான், மது கூடாது. பால், தேன் கலந்த நீர், ஆலிவ் எண்ணெய், வெறும் தண்ணீர், எதுவும் சரி. ஒலிம்பஸ் தெய்வங்களுக்கு ஊற்றும்போது கொஞ்சம் ஊற்றிவிட்டு மீதியை நீங்கள் குடிக்கலாம், உணவும் அப்படித்தான், பகிர்ந்துகொள்வதில்தான் உறவு. பூமிக்கடியில் உள்ளவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் கொடுப்பது வேறு வகை. அதை முழுதாக மண்ணில் ஊற்றிவிட வேண்டும், நீங்கள் தொடக்கூடாது. தோட்டம் இல்லாதவர்கள் ஒரு தொட்டி மண்ணை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

வேண்டும்போது நின்றுகொண்டு, கைகளை உயர்த்தி, உள்ளங்கை மேலே பார்க்க, வாய்விட்டுச் சொல்வதுதான் முறை. மண்டியிடுவது அவர்களிடம் அபூர்வம். கடல் தெய்வத்துக்குக் கடலை நோக்கியும் கீழுலகத் தெய்வத்துக்கு மண்ணை நோக்கியும் கை நீளும். என்ன சொல்வது என்பதற்கு இலியட்டின் முதல் பாட்டிலேயே பூசாரி கிரைஸஸ் மாதிரி காட்டிவிடுகிறான்: முதலில் அப்போலோவை அவன் ஆளும் ஊர்களின் பெயரோடு அழைக்கிறான், பிறகு ‘உனக்கு எப்போதாவது கோயிலுக்குக் கூரை போட்டிருந்தால், கொழுத்த தொடை எரித்திருந்தால்’ என்று பழைய உறவை நினைவூட்டுகிறான், அதற்கப்புறம்தான் கேட்கிறான். அழைப்பு, உறவு, கோரிக்கை. எந்த மொழியிலும் செய்யலாம், பழைய கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழில் இப்படி வரலாம்: “ஹெஸ்டியா, அடுப்பின் காவலியே, குரோனஸின் மூத்த மகளே, நேற்றும் உனக்கு ஊற்றினேன், இன்றும் ஊற்றுகிறேன், இந்தக் கூரைக்குக் கீழே இருப்பவர்களைச் சண்டையில்லாமல் வைத்திரு.” கோரிக்கை இல்லாத நாளில் முதல் இரண்டு பகுதி மட்டும் போதும். முதன்முறையாக அழைப்பவருக்கு நினைவூட்ட ஒன்றுமில்லையே என்றால், ‘கொடுத்தால் இன்னது தருவேன்’ என்று முன்கூட்டி வேண்டிக்கொள்வதும் மரபுதான், ஆனால் தர முடிந்ததை மட்டும் சொல்லுங்கள். சொன்னதைத் தராமல் விடுவது கேட்காமலே இருப்பதைவிட மோசம்.

வீட்டுக்குள் இருப்பவர்கள்

எனக்கு இந்த வழிபாட்டிலேயே மிகவும் பிடித்தது சாமான் அறை ஜீயஸ். இடி மின்னலோடு வரும் அரசனை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே ஜீயஸ், ஜீயஸ் க்டேசியோஸ் என்ற பெயரில், வீட்டில் தானியமும் எண்ணெயும் வைக்கும் அறையில் ஒரு மூடிபோட்ட ஜாடியாக உட்கார்ந்திருந்தார். குடும்பத்தின் உடைமைக்கு அவர் காவல். ஜாடியை எப்படி நிறுவுவது என்று ஒரு பழைய குறிப்பே மிஞ்சியிருக்கிறது: காதுகளில் வெள்ளைக் கம்பளி நூல் சுற்ற வேண்டும், உள்ளே தூய நீர், ஆலிவ் எண்ணெய், பலவகை விதையும் பழமும் கலந்து போட வேண்டும். இன்றைய வீட்டில் இதற்கு எந்தச் சிரமமும் இல்லை. மூடியுள்ள ஒரு சின்ன ஜாடியை மளிகை வைக்கும் அலமாரியின் மூலையில் வைத்துவிடுங்கள். விதைகள் ஊறிப் புளித்து நாறும் என்பதை மறக்காமல் மாதத்துக்கு ஒருமுறை கொட்டிக் கழுவிப் புதிதாக நிரப்புங்கள். வீட்டில் மற்றவர்களுக்கு இதில் விருப்பமில்லை என்றால் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது, பார்ப்பவர்களுக்கு அது வெறும் ஜாடி.

வாசலுக்கு மூன்று பேர். தெருவைப் பார்த்து நிற்கும் கூம்பு வடிவத் தூணாக அப்போலோ அகுயியூஸ், போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ள ஹெர்மஸ், கதவுக்கும் முச்சந்திக்கும் ஹெக்கட்டி. மூவருக்கும் தனித்தனி வழிபாட்டு மேடை தேவையில்லை, வெளியே கிளம்பும்போது நிலைப்படியைத் தொட்டு ஹெர்மஸ் பெயரைச் சொல்லிவிட்டுப் போவது நல்ல தொடக்கம். முற்றத்தில் ஜீயஸ் ஹெர்கேயோஸுக்கு ஒரு பலிபீடம் இருக்கும். ஏதென்ஸில் பெரிய பதவிக்கு வருபவரிடம் ‘உன் வீட்டில் ஜீயஸ் ஹெர்கேயோஸ் எங்கே இருக்கிறார்’ என்று கேட்பார்களாம், அதாவது குடிமகன் என்றால் வீட்டுத் தெய்வம் இருக்க வேண்டும். முற்றம் இல்லாத அடுக்குமாடியில் மாடத்தின் ஓரம் ஒரு தட்டைக் கல் வைத்தால் போதும்.

மாதம்

அடுத்தது நிலா. ஏதென்ஸ் மாதம் 29 அல்லது 30 நாள், பிறை முதலில் கண்ணுக்குத் தெரியும் மாலையில் தொடங்கும், நாளும் சூரியன் மறைந்தவுடன் மாறும். அதனால் ‘ஏழாம் நாள்’ என்றால் நம் காலண்டரில் முந்தின மாலையிலிருந்தே கணக்கு. இதில் மாதமாதம் மூன்று நாட்களைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் மெதுவாக வரும்.

நிலா இல்லாத இரவில் ஹெக்கட்டியின் விருந்து, டெய்ப்னான். வீட்டைப் பெருக்கி, கெட்டுப்போனதை வெளியேற்றி, கடன் பாக்கியைப் பார்த்து, முச்சந்தியில் அவளுக்கு உணவு வைத்தார்கள். பணக்காரர்கள் வைக்கும் அந்த உணவை வைத்த கையோடு ஏழைகள் எடுத்துப் போய்விடுவார்கள் என்று அரிஸ்டோஃபேனஸின் நாடகத்தில் ஒரு வசனம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இன்று பலர் அந்த நாளில் பசித்தவர்களுக்கு உணவு கொடுக்கிறார்கள், அதுதான் சரியான மாற்று என்று எனக்கும் படுகிறது. தெருவில் பூண்டும் வெங்காயமும் வைத்து நாய் தின்று நோயாவதற்கு அது எவ்வளவோ மேல். ஃபிரிட்ஜைச் சுத்தம் செய்ய ஒரு தெய்வத்தின் பெயரால் நாள் குறித்திருப்பது எவ்வளவு வசதி என்று செய்து பார்த்தால் தெரியும்.

மறுநாள் நுமேனியா, மாதத்தின் முதல் நாள், எல்லாத் தெய்வங்களுக்கும் வீட்டாருக்கும் உரியது. சுத்தமான வீட்டில் சிலை இருந்தால் அதற்கும் ஜாடிக்கும் புது மாலை, தூபம், தேன் சேர்த்த அடை, நல்ல சாப்பாடு. க்டேசியோஸ் ஜாடியைப் புதுப்பிக்கத் தோதான நாளும் இதுதான். இரண்டாம் நாள் அகாதோஸ் டைமோன், வீட்டின் நல்ல ஆவி, பாம்பு உருவில் வரைவார்கள். சாப்பாடு முடிந்ததும் அவருக்கு மட்டும் நீர் கலக்காத மது ஒரு சொட்டு.

மேலே போக விரும்பினால், மாதத்தின் 4-ஆம் நாள் ஹெர்மஸுக்கும் அஃப்ரோடைட்டிக்கும், 6 ஆர்ட்டெமிஸுக்கு, 7 அப்போலோவுக்கு, 8 பொசைடனுக்கு. ஆண்டு கோடை நெடும்பகலுக்குப் பிந்தைய பிறையில் ஹெகடொம்பாயோன் மாதத்தோடு தொடங்கும். பன்னிரண்டு நிலா மாதம் 354 நாள்தான் வரும் என்பதால் சில ஆண்டுகளில் ஒரு மாதத்தை இரட்டிப்பார்கள், பெரும்பாலும் குளிர்கால பொசைடெயோனை. கணக்குப் போட்டுத் தரும் நாட்காட்டிகள் இணையத்தில் கிடைக்கின்றன, ஒரு நாள் முன்பின் ஆனாலும் பதறாதீர்கள், பழைய நகரங்களின் நாட்காட்டிகளே ஒன்றோடொன்று ஒத்துப்போனதில்லை.

பண்டிகைகளில் வருடத்துக்கு நான்கைந்து போதும், வீட்டில் செய்யக்கூடியவையாகப் பாருங்கள். பியனெப்சியோன் என்ற இலையுதிர்கால மாதத்தின் 7-இல் அப்போலோவுக்குப் பயறும் தானியமும் ஒன்றாகக் கொதிக்க வைத்த ஒரு பானை, கம்பளியும் பழமும் தொங்கவிட்ட ஆலிவ் கிளையை வாசலில் கட்டுவது, இரண்டுமே எளிது. ஹெகடொம்பாயோன் 12-இல் ஜீயஸின் தந்தை குரோனஸின் நாள், எஜமானரும் அடிமைகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்த நாள். வேலை செய்து தருபவர்களை உட்கார வைத்து நீங்கள் பரிமாறுங்கள். குளிர்கால இறுதியில் வரும் அந்தெஸ்டெரியோன் மாதத்தின் 11 முதல் 13 வரை மதுவின் தெய்வமான டயோனிசஸுக்கு மூன்று நாள்: புது மதுச்சாடி திறப்பது, அவரவர் தனிக் குடுவையில் பேசாமல் குடிப்பது, மூன்றாம் நாள் இறந்தவர்களுக்கும் பாதாள ஹெர்மஸுக்கும் தானியக் கஞ்சி வைப்பது. குடும்பத்தில் யாரையாவது இழந்திருப்பவர்களுக்கு அந்த மூன்றாம் நாள் கனமானது. தானியத் தெய்வம் டெமெட்டருக்கும் அவள் மகள் பெர்செஃபோனிக்கும் எலியூசிஸ் ஊரில் நடந்த மர்மச் சடங்குகளை மட்டும் வீட்டில் செய்துபார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். உள்ளே நடந்ததை வெளியே சொன்னால் மரண தண்டனை என்ற நிலையில் காப்பாற்றப்பட்ட ரகசியம் அது. அந்தக் கோயிலோடு போய்விட்டது. அந்த இருவருக்கும் வேறு எத்தனையோ வழியில் கொடுக்கலாம்.

தீட்டு

மியாஸ்மா என்பார்கள், தீட்டு. இது பாவம் கிடையாது, ஒழுக்கக் குறைவும் கிடையாது. பிறப்பு, இறப்பு போன்ற நிகழ்வுகளோடு ஒட்டிக்கொண்டு வரும் நிலை, மரணமில்லாதவர்களின் முன்னால் அதோடு போகக்கூடாது என்பதுதான் விஷயம். வீட்டில் ஒரு சாவு, ஒரு பிரசவம் என்றால் சில நாள் பொறுத்து, குளித்து, வீட்டைக் கழுவி, அப்புறம் தொடருங்கள். மாதவிடாய் பற்றிய கேள்வி எப்போதும் வரும்: செவ்வியல் காலச் சான்றுகளில் அது தீட்டாகப் பேசப்படுவதே இல்லை என்று சொல்லும் அளவுக்கு அரிது, பிற்காலத்தில் சில கோயில்களின் விதிகளில்தான் வருகிறது. அதை வைத்துப் பெண்களை மேடையிலிருந்து விலக்கி நிறுத்த எந்த நியாயமும் இல்லை. கொலை மட்டும் வேறு கணக்கு, அதற்கு வீட்டுக் கெர்னிப்ஸ் பத்தாது, ஆனால் இதைப் படிக்கும் உங்களுக்கு அது தேவைப்படாது என்று நம்புகிறேன்.

காதில் விழும் சில பேச்சுகள்

‘காக்கை இறகு கிடந்தது, அப்போலோ கூப்பிடுகிறாரா?’ காக்கை உதிர்த்திருக்கலாம். அவர்கள் சகுனம் பார்த்தார்கள், நிறையவே பார்த்தார்கள், ஆனால் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்து பார்த்தார்கள், போகிற வழியில் கிடந்ததையெல்லாம் கடிதமாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘நேற்று மறந்துவிட்டேன், ஹீரா சாபம் விடுவாளா?’ விட மாட்டாள், இன்று ஊற்றுங்கள். ‘கதையில் ஜீயஸ் இப்படியெல்லாம் நடந்துகொள்கிறாரே, அவரை எப்படிக் கும்பிடுவது?’ இதைக் கிறிஸ்து பிறப்பதற்கு ஐந்நூறு ஆண்டு முன்பே செனோஃபனீஸ் என்ற கிரேக்கத் தத்துவவாதி கேட்டுவிட்டார், திருட்டும் கள்ளக்காதலும் ஏமாற்றும் தெய்வங்கள்மேல் ஏற்றியது ஹோமரும் ஹெசியடும் என்று நேராகவே குற்றம் சாட்டினார். பிளேட்டோவும் அப்படியே. புராணத்தைக் கவிஞர்களின் பேச்சாகக் கேட்டுவிட்டுத் தெய்வத்தை வழிபாட்டின் வழியே அறிவதும் பழைய கிரேக்க வழிதான்.

விலங்குப் பலி பற்றி: பழங்காலத்தில் நடுநாயகமே அதுதான், மறைக்க ஒன்றுமில்லை, ஊர் மொத்தமும் இறைச்சி சாப்பிட்ட நாள் அது. இன்று பெரும்பாலோர் செய்வதில்லை. பித்தாகரஸ் வழியினர் அன்றே எதிர்த்தார்கள். ஏதென்ஸில் ஜீயஸுக்கு நடந்த டயசியா விழாவில் பலர் விலங்கின் உருவில் மாவுப் பண்டம் செய்து படைத்ததாகக் குறிப்பு இருக்கிறது, அதுவே நமக்குப் போதும்.

கிரேக்க ரத்தம் இருந்தால்தான் இதில் சேரலாம் என்று சொல்லும் ஆட்களும் உண்டு. அவர்களுக்கு ஆய் கானூமைக் காட்டுங்கள். இன்றைய ஆஃப்கானிஸ்தானில், ஆக்ஸஸ் ஆற்றங்கரையில் இருந்த அந்த நகரத்துக்கு கிளியர்கஸ் என்பவர் கிரேக்கத்தின் டெல்ஃபியில் உள்ள அப்போலோ கோயிலிலிருந்து அறிவுரைகளைக் கவனமாகப் பார்த்து எழுதிக் கொண்டுவந்து கல்லில் வெட்டி வைத்தார், கல் கிடைத்திருக்கிறது. எகிப்திலும் சிரியாவிலும் ஊர் தெய்வங்களோடு சேர்ந்தே கிரேக்க தெய்வங்கள் வழிபடப்பட்டன. ஏற்கெனவே வேறு வழிபாடு இருக்கிறதென்றால் அதை விடச் சொல்லி எந்த ஒலிம்பஸ் தெய்வமும் கேட்டதில்லை.

டெல்ஃபி அறிவுரைகளின் நீண்ட பட்டியலில் 147 வரிகள் இருக்கின்றன, ‘உன்னை அறி’, ‘எதிலும் மிகை வேண்டாம்’ இரண்டும் எல்லோருக்கும் தெரியும். மற்றதில் பல, பெற்றோரை மதி, கோபத்தை அடக்கு, நண்பனுக்கு உதவு என்று எளிமையானவை. இவற்றில் ஒன்றை வாரத்துக்கு எடுத்து நடந்துபார்ப்பது பலரின் பழக்கம். ஆனால் நடத்தை என்று வரும்போது எல்லாவற்றுக்கும் மேலே விருந்தோம்பல்: அந்நியரைக் காக்கும் ஜீயஸ் க்செனியோஸின் சட்டம். ஹோமரின் ஒடிஸி காவியத்தில் முதிய அரசர் நெஸ்டர் வந்தவனுக்குச் சாப்பாடு போட்டு முடித்த பிறகுதான் ‘யார் நீங்கள்’ என்று கேட்கிறார். வாசலில் வருபவரை, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரை, வழி கேட்பவரை எப்படி நடத்துகிறீர்கள் என்பது மேடையில் ஊற்றும் மதுவின் அளவுக்கே வழிபாடு.

கிரேக்கத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2007 ஜனவரியில் ஏதென்ஸின் ஒலிம்பிய ஜீயஸ் கோயில் இடிபாடுகளின் நடுவே ஒரு குழு வழிபாடு நடத்தியது உலகச் செய்தியானது, ஆனால் தொல்லியல் இடங்கள் இன்னும் பண்பாட்டு அமைச்சகத்தின் கையில்தான் இருக்கின்றன, அனுமதி இல்லாமல் மது ஊற்றவோ தூபம் ஏற்றவோ முடியாது. டெல்ஃபியில் கையை உயர்த்தி மெதுவாக ஒரு துதி சொல்லலாம், அதை யாரும் தடுக்கப்போவதில்லை. கல்லில் எதையும் ஊற்றாதீர்கள், கல்லை எடுத்து வராதீர்கள். ஊற்ற வேண்டியதை இரவு தங்கும் இடத்தில் ஊற்றிக்கொள்ளலாம், முதல் சொட்டு ஹெஸ்டியாவுக்கு.